உடைந்த ஆக்சிலுக்குப் பதில் எதைப் போடுவது?

டயரைப் பெரிதாக்கி, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, லாக்கரும் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகவே சுற்றவைக்கும் பூட்டு) பொருத்திய ஒரு ஃபோர் வீல் டிரைவ் டிரக், பாறைப் பாதையில் 'டப்' என்று ஒரு சத்தம் கொடுத்து நின்றுவிட்டது என்று வையுங்கள். மறுநாளே அதன் சொந்தக்காரர் முன்னால் நாலு யோசனைகள் வரிசைகட்டி நிற்கும். உடைந்த பாகத்தையே கம்பெனி பாகமாக வாங்கிப் போட்டுவிடலாம். அதையே இன்னும் கெட்டியான எஃகில் வாங்கலாம். கியர் விகிதத்தை மாற்றலாம். அல்லது ஆக்சிலையே கழற்றிப் போட்டுவிட்டு, கனரக வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து வைக்கலாம். ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: டயரைச் சின்னதாக்குவது.

எது கெட்டி என்று மட்டும் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பெரிய பாகம்தான் ஜெயிக்கும், கைக்காசும் கரையும். நான் ஒவ்வொரு யோசனையிடமும் கேட்பது இரண்டே கேள்வி. இதை மாற்றினால் அடுத்து உடையப்போவது எது? அது உடைந்தால் அந்த இடத்திலேயே ஜாக்கியும் ஸ்பானரும் வைத்து மாற்ற முடியுமா? என்ஜினில் பிறந்து டயரில் முடிகிற இந்தச் சங்கிலியில் எப்போதும் ஏதோ ஒரு கண்ணிதான் பலவீனமாக இருக்கும். அதை ஒழிக்க முடியாது. அது எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். வீட்டு மின்பலகையில் ஃப்யூஸ் இருப்பதுபோல, கைக்கு எட்டுகிற ஒரு பாகம் முதலில் போகட்டும்.

முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள்

உடைந்த ஷாஃப்டை (ஆக்சிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டு) தூக்கி எறிவதற்கு முன் எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறிந்த முகத்தின் ஒரு ஓரத்திலிருந்து வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் தெரிந்து, அந்தப் பகுதி வழவழவென்று கறுத்தும், மீதிப் பகுதி சொரசொரவென்று பளபளத்தும் இருந்தால், அது அன்றைக்கு உடைந்ததல்ல. சிறு விரிசல் ஒன்று நாளாக நாளாக வளர்ந்து, மிச்சம் இருந்த எஃகு ஒரு நாள் கைவிட்டிருக்கிறது. களைப்பு முறிவு என்பது இதுதான். அதற்கு மாறாக ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்லைன் பற்கள் நேராக ஓடாமல் ஒரு பக்கம் முறுகியிருந்தால், தாங்கக்கூடியதற்கு மேல் ஒரேயடியாக விசை விழுந்திருக்கிறது. உடையாத பக்கத்து ஷாஃப்டையும் உருவிப் பாருங்கள். அதன் ஸ்ப்லைனும் லேசாக முறுகியிருந்தால் அதுவும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த வித்தியாசம் செலவையே மாற்றும். களைப்பில் போன பழைய ஷாஃப்டுக்குப் புதிய கம்பெனி ஷாஃப்டே பல வருடம் பதில் சொல்லும். விசை மிஞ்சிப் போனதற்கு அதே பாகத்தைத் திரும்பப் போட்டால், அதே பாறையில் அதே சத்தம்தான்.

கிரவுன் பினியன் (ஆக்சிலின் நடுவில் விசையைச் சக்கரப் பக்கம் திருப்பும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) உடைந்திருந்தால் பார்க்க வேண்டியவை வேறு. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டு மூன்று மொத்தமாகப் பெயர்ந்திருந்தால் அதிர்ச்சி விசை. பல்லின் ஒரு விளிம்பில் மட்டும் தேய்மானம் இருந்தால், பொருத்தியபோது அளவு சரியாக வைக்கப்படவில்லை, அல்லது பேரிங்கில் ஆட்டம் விழுந்துவிட்டது. பல் நீலம் பாரித்திருந்தால் எண்ணெய் குறைந்து சூடேறியிருக்கிறது. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் நடு உருண்டை) திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து, பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி என்ஜின் அறை வரைக்கும் உயரத்தில் கொண்டுபோய் விடுவதுதான். காரணம் தண்ணீர் என்றால் எவ்வளவு கெட்டியான கியர் போட்டாலும் பேரிங் அரித்துப்போகும்.

விசை எங்கிருந்து வருகிறது

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். என்ஜின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. முதல் கியர் 4.46, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) லோ ரேஞ்ச் 2.72, ஆக்சில் விகிதம் 3.73. மூன்றையும் பெருக்கினால் 45 சொச்சம். அதாவது உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 13,500 நியூட்டன் மீட்டருக்கு மேல் கிடைக்கிறது.

ஆனால் சக்கரத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ எடை, நல்ல பிடிப்புள்ள பாறை, 35 அங்குல டயர் என்று வைத்தால், சுமார் 2,600 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்துவிடும். டயர் வழுக்குவதுதான் ஷாஃப்டுக்குப் பாதுகாப்பு. எடை கூடினாலும் டயரின் விட்டம் கூடினாலும் அந்த வழுக்கும் எல்லை மேலே போகிறது. பெரிய டயர் ஆக்சிலைத் தின்கிறது என்று சொல்வதன் உள்விஷயம் இதுதான்.

லாக்கர் இல்லாத சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மறுபக்கமும் சும்மாதான் இருக்கும். வண்டி நகராது, ஆனால் ஷாஃப்டும் உடையாது. லாக்கர் போட்டதும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. ஒரு சக்கரம் தூக்கி நிற்க, மறு சக்கரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால், அந்த ஆக்சிலுக்கு வருகிற முழு விசையும் ஒரே ஷாஃப்டில் விழும். இடுக்கில் சிக்கிய சக்கரம் வழுக்கவும் முடியாது. மேலே போட்ட கணக்கின் பெரிய எண் அப்போதுதான் நிஜமாகவே வேலைக்கு வருகிறது.

இன்னும் மோசமானது அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் பொத்தென்று பாறையில் இறங்குவது. கனமான டயர் சேர்த்து வைத்திருக்கும் சுழற்சி ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்குள் ஷாஃப்டில் இறங்கும். முன் சக்கரத்தை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் அதே ரகம். ஷாஃப்டின் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் அதிகக் கோணத்தில் இருக்கும்போது, அதன் நடுவில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸின் மீதும், அதைப் பிடித்திருக்கும் காதுகளின் மீதும் விசை கோணலாக ஏறும். ரிவர்ஸில் முரட்டுத்தனமாக மிதித்து வண்டியை உருவ முயல்வதும் ஆபத்து: பின் ஆக்சிலின் கிரவுன் பற்கள் முன்னோக்கி இழுக்கத்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. பின்னோக்கி இழுக்கும்போது விசை பல்லின் மறுபக்கத்தில் விழுந்து, பினியனும் கிரவுனும் ஒன்றையொன்று தள்ளிவிடப் பார்க்கும்.

சரி, இப்போது யோசனைகளுக்கு வருவோம்.

கம்பெனி பாகத்தையே திரும்பப் போடுவது

இதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. லாக்கர் இல்லாத ஆக்சில், 33 அங்குலமோ அதற்குள்ளோ டயர், முறிந்த முகத்தில் களைப்புக் கோடுகள், இந்த மூன்றும் சேர்ந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். உடையாத பக்கத்து ஷாஃப்ட் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கும் புதிது போட்டுவிட்டுப் பழையதை ஸ்பேராக வண்டியில் போட்டுக்கொள்ளலாம். பல ஆக்சில்களில் இடமும் வலமும் ஒரே நீளம் இருக்காது, அதை மட்டும் அளந்து பார்த்துவிடுங்கள்.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள டிரக்கில் கம்பெனி சி.வி. ஷாஃப்ட் (இரு முனையிலும் வளையும் மூட்டுள்ள ஷாஃப்ட்) பெரும்பாலும் விசையால் சாவதில்லை, மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து சாகிறது. லிஃப்ட் கிட் போட்டதும் ஷாஃப்டின் கோணம் கூடி, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். கிழிந்த இடத்தில் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும், திருப்பத்தில் கடகடவென்று சத்தம் ஆரம்பிக்கும். அங்கே செலவு செய்ய வேண்டியது லிஃப்டைக் குறைக்கவோ டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கவோதான். ஷாஃப்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பூட் கிழிந்துகொண்டே இருக்கும்.

குரோமோலி ஷாஃப்ட்

4340 ரக குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு ஷாஃப்ட் கம்பெனி ஷாஃப்டைவிட அதிகமாக முறுகிக்கொடுத்து, நிரந்தரமாக வளையாமல் பழைய நிலைக்குத் திரும்பும். அதிர்ச்சி விசைக்கு இந்தக் குணம்தான் வேண்டும். ஆனாலும் எஃகின் ரகத்தைப்போலவே தடிமனும் முக்கியம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. 30 ஸ்ப்லைன் ஷாஃப்டின் விட்டம் ஏறக்குறைய 1.31 அங்குலம், 35 ஸ்ப்லைனுக்கு 1.5 அங்குலம். பார்க்க அஞ்சு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் ஒரே எஃகில் பலம் ஒன்றரை மடங்கு. அதனால் 27 ஸ்ப்லைன் ஆக்சிலில் உயர்ந்த எஃகைப் போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

முன் ஆக்சிலில் குரோமோலி போடுவதை நான் ஆதரிப்பது வேறு காரணத்துக்காக. கம்பெனி ஷாஃப்டில் கிராஸ் உடையும்போது ஷாஃப்டின் காதும் விரிந்துவிடும். கிராஸின் முனையில் இருக்கும் கப் ஆடி வெளியே வரும், பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்டையும் சமயத்தில் பதம் பார்க்கும். குரோமோலிக் காது அவ்வளவு சுலபமாக விரியாது, பெரும்பாலும் கிராஸ் மட்டும் போகும். கப்பைப் பிடிக்கும் கிளிப் முழு வட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆக, கெட்டியான ஷாஃப்ட், சாதா கிராஸ். கிராஸ் மலிவு, சின்னது, பையில் அடங்கும்.

இங்கேதான் பலர் ஒரு படி கூடுதலாகப் போய்விடுகிறார்கள். ஊசி பேரிங்கே இல்லாத, உடையவே உடையாது என்று விற்கப்படும் ஜாயின்டையும் சேர்த்து வாங்கிப் போடுகிறார்கள். அப்புறம் விசை எங்கே போகும்? கிரவுன் பினியனுக்குத்தான். பாறைப் பாதையில் கிராஸ் மாற்றுவது சலிப்பான வேலை, ஆனால் முடிகிற வேலை. கிரவுன் பினியன் மாற்றுவதை அங்கே உட்கார்ந்து யாரும் செய்ய முடியாது. 7 அங்குலச் சொச்சம் கிரவுன் உள்ள சின்ன ஆக்சிலில் இந்த ஜாயின்ட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

கியர் விகிதத்தை மாற்றுவது

31 அங்குல டயரிலிருந்து 35-க்குப் போனால் விகிதம் ஏறக்குறைய 11 சதவீதம் தளர்ந்துவிடும். 3.73 ஆக்சில் பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.21 வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைப்பது 4.10 அல்லது 4.56. டயரும் பம்பரும் கூட்டிய எடையைச் சேர்த்துப் பார்த்தால் 4.56-தான் பொருத்தம்.

இதனால் உடைவது குறையுமா? ஓரளவுக்கு, அதுவும் இடத்தைப் பொறுத்து. சக்கரத்தில் அதே இழுவை வேண்டுமென்றால், 3.73-க்குப் பதில் 4.56 இருக்கும்போது ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் எல்லாம் 18 சதவீதம் குறைவான விசையைத்தான் சுமக்கும். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் டார்க் கன்வர்ட்டர் வழுக்கிச் சூடாவதும், மேனுவலில் கிளட்ச் கருகுவதும் குறையும். ஆக்சில் ஷாஃப்ட் கியருக்கு அப்பால் இருப்பதால் அதற்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. மறைமுகமாக ஒன்று உண்டு: வண்டி மெதுவாக ஊர்ந்தே ஏறிவிடுவதால், ஓட்டுபவர் வேகம் எடுத்து மோதி ஏறப் பார்ப்பதில்லை.

இதன் விலை பினியனில் இருக்கிறது. டேனா 44 என்ற ரக ஆக்சிலில் 3.73 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 11. 4.56-ல் அதே 41-க்கு 9. 5.38-ல் 43-க்கு 8. பல் குறையக் குறையப் பினியன் ஒல்லியாகிக்கொண்டே போகிறது. கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அதனால் சின்ன ஆக்சிலில் மிக ஆழமான விகிதம் போடுவது, ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை விலைக்கு வாங்குவது. முன் பின் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும் என்பதால் செலவும் இரட்டிப்பு. டேனா 44-ல் 3.73-க்கும் 3.92-க்கும் நடுவில் கிரவுனைத் தாங்கும் கூடான கேரியரே மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் கியரையும் அதையும் ஒரே தடவையில் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், ஹவுசிங்கை இரண்டு முறை திறக்க வேண்டியதில்லை.

ட்ரான்ஸ்ஃபர் கேஸில் 2.72-க்குப் பதில் 4-க்கு 1 லோ ரேஞ்ச் வைப்பதும் ஊர்ந்துபோக உதவும். முந்தைய தலைமுறை (ஜேகே) ஜீப் ராங்ளர் ரூபிகானின் மேனுவல் வண்டியில் 4.46 முதல் கியர், 4 லோ ரேஞ்ச், 4.10 ஆக்சில் சேர்ந்து 73-க்கு 1 வந்தது அப்படித்தான். பாறையில் அதன் நிதானம் அருமை. ஆனால் சங்கிலியின் கணக்கில் இது ஆக்சில் கியருக்கு நேர் எதிர். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வரக்கூடிய அதிகபட்ச விசையை இது கூட்டிவிடும். மெதுவாக ஓட்டத் தெரிந்தவர் கையில் பாகங்கள் பிழைக்கும், காலில் அவசரம் உள்ளவர் கையில் சீக்கிரம் போகும். ஷாஃப்டுகளைக் கெட்டிப்படுத்துவதற்கு முன் இதைத் தொடாதீர்கள்.

ஆக்சிலையே மாற்றுவது

டேனா 44-ன் கிரவுன் 8.5 அங்குலம், டேனா 60-ன் கிரவுன் 9.75. ஷாஃப்டும் தடிமன், ஜாயின்டும் பெரிது. 37 அங்குலத்துக்கு மேல் டயர், முன்னும் பின்னும் லாக்கர், கனமான வண்டி என்றால் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கும். ஆனால் இது ஒரு பாகத்தை மாற்றும் வேலையல்ல. ஸ்பிரிங் உட்காரும் இடம், ஸ்டீயரிங், பிரேக், ஏ.பி.எஸ். சென்சார், சக்கரத்தின் போல்ட் வட்டம், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் என்று எல்லாமே கூட வரும். பெரிய கிரவுனுக்குப் பெரிய உருண்டை வேண்டும், அது தரைக்கு நெருக்கமாகத் தொங்கும். இழந்த இடைவெளியை மீட்க இன்னும் பெரிய டயர் என்று தோன்ற ஆரம்பித்தால், அந்த வட்டத்துக்கு முடிவே கிடையாது. எடை ஸ்பிரிங்குக்குக் கீழே கூடுவதால் மண் ரோட்டில் வண்டி தடதடக்கும்.

பின் ஆக்சிலைப் பொறுத்தவரை பலத்தைவிடப் பெரிய ஒரு காரணம் இருக்கிறது. பல இலகு டிரக்குகளில் பின் ஷாஃப்ட்தான் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு வண்டியின் எடையையும் சுமக்கிறது. டேனா 35 போன்றவற்றில் ஒரு சி கிளிப்தான் ஷாஃப்டை உள்ளே பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமும் சேர்ந்து வெளியே வந்துவிடலாம். சரிவில் இது உயிருக்கே ஆபத்து. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் சுமக்கும், ஷாஃப்ட் சுற்றுகிற வேலையை மட்டும் செய்யும். உடைந்த துண்டுகளை உருவிப் போட்டுவிட்டு முன் சக்கர இழுவையிலேயே வீடு திரும்பலாம். பணம் ஒரு ஆக்சிலுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் நான் பின்பக்கத்தைத்தான் முதலில் மாற்றுவேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். கிரவுன் பினியனைத் தனிப் பெட்டியாக முன்பக்கமாகக் கழற்றி எடுக்கக்கூடிய ஆக்சில்கள் உண்டு. ஃபோர்டு 9 அங்குலமும் பழைய டொயோட்டா டிரக்குகளும் அந்த வகை. மேசையில் வைத்து அளவு சரிசெய்த முழுப் பெட்டியை ஸ்பேராகக் கொண்டுபோகலாம், உடைந்தால் வழியிலேயே மாற்றலாம். டேனா வகையில் எல்லாமே ஹவுசிங்குக்குள் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். பல பெரிய ஆக்சில்களை வாங்குவதற்கு முன் இந்த வசதியை எடைபோட்டுப் பார்க்கலாம்.

போர்ட்டல் ஆக்சில் தனி உலகம். உனிமாக் டிரக்கில் உள்ளதுபோல சக்கரத்தருகே ஒரு கியர் குறைப்பு இருந்தால், ஷாஃப்டும் கிரவுனும் குறைந்த விசையில் பிழைக்கும், இடைவெளியும் கூடும். ஹம்மர் எச்1-ன் ஹப்பில் இருக்கும் 1.92 குறைப்பும் அதே யோசனைதான். தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

டயரைக் குறைப்பது

37-லிருந்து 33-க்கு இறங்கினால் ஷாஃப்டின் மீது தரை போடக்கூடிய விசை 10 சதவீதத்துக்கு மேல் குறையும், சுற்றும் எடையும் கணிசமாகக் குறையும். ஒரு ஸ்பானரும் தொடாமல் முழுச் சங்கிலிக்கும் கிடைக்கும் நிவாரணம் வேறெதிலும் இல்லை. வருடத்தில் பெரும்பகுதி மண் ரோடும் ஆற்றுப் படுகையும்தான் என்றால் அந்த நாலு அங்குலம் அழகுக்கு மட்டும்தான். ஒத்துக்கொள்ளத்தான் மனசு வராது.

ஒரு வண்டியை வைத்துப் பார்த்தால்

35 அங்குல டயர், 3.73 ஆக்சில், முன்னும் பின்னும் டேனா 44, முன்பக்கம் லாக்கர், உடைந்தது முன் ஷாஃப்ட், ஸ்ப்லைன் முறுகியிருக்கிறது. இந்த வண்டிக்கு என் வரிசை இது. முன்பக்கம் இரண்டு குரோமோலி ஷாஃப்ட், சாதா கிராஸ், கிராஸை அமுக்கிக் கழற்றும் கருவியோடு சேர்த்து ஸ்பேர் இரண்டு. கையில் பணம் மிச்சம் இருந்தால் இரண்டு ஆக்சிலுக்கும் 4.56. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அப்படியே இருக்கட்டும். பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சொருகி நழுவும் வகையாக இருந்தால், அதை நிலையான யோக்குக்கு (நழுவாமல் போல்ட் போட்டுப் பிடிக்கும் இணைப்பு) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வழியில் அந்த ஷாஃப்ட் வளைந்து கழற்ற நேரும்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய் முழுக்கத் தரையில் கொட்டிவிடும், முன் சக்கரத்தில் ஓட்டித் திரும்பும் வழியும் அடைபடும். பின் லாக்கர், 37 அங்குல டயர் என்ற பேச்சு வந்தால் மட்டும் டேனா 60-ஐப் பற்றி யோசிக்கலாம்.

புதுக் கியர் போட்டு வாங்கும்போது மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையே விடும் இடைவெளி, எவ்வளவு வைத்தார் (டேனா 44-க்கு 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்), பல்லில் வண்ணம் தடவி எடுத்த தடத்தைக் காட்ட முடியுமா. முதல் ஓட்டம் 25, 30 கிலோமீட்டரோடு நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை எதையும் கட்டி இழுக்காதீர்கள், பாறைப் பக்கமும் போகாதீர்கள். பிறகு எண்ணெயை மாற்றும்போது காந்த பிளக்கில் சாம்பல் மாதிரி நுண்தூள் ஒட்டியிருந்தால் சாதாரணம். விரலில் குத்துகிற துண்டு ஒன்று வந்தாலும் கவரைக் கழற்றிப் பாருங்கள்.